செம்மண்ணும் செயின் எண்ணெயும்

சைக்கிள் செயினுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விட்டால் அது நெடுநாள் உழைக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியைச் சுற்றியுள்ள செம்மண் புழுதியில் இந்த நம்பிக்கை அவ்வளவாக எடுபடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் விட்ட செயின் புதன்கிழமைக்குள் கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறது. விரலில் ஒட்டிய கறை இரண்டு முறை சோப்புப் போட்டாலும் போவதில்லை. சில மாதங்கள் கழித்து, மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது செயின் பல்லை விட்டு நழுவத் தொடங்குகிறது. சைக்கிள் கடையில், “செயின் நீண்டுபோச்சு, மாத்திடுங்க” என்று சொல்லிவிடுகிறார்கள்.

எஃகுச் செயின் எப்படி நீளும்? பொன்னிற எண்ணெயும் சிவப்பு மண்ணும் சேர்ந்த இடத்தில் கருப்பு எங்கிருந்து வந்தது? இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில், செயின் கண்ணிக்குள்ளே, தலைமுடி அளவுகூட இல்லாத ஓர் இடுக்கில் இருக்கிறது. அந்த இடுக்கு புரிந்துவிட்டால் சைக்கிளை வீட்டில் கழுவிப் பராமரிப்பதில் பாதிக்கு மேல் புரிந்த மாதிரி.

மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் கியரும் கொண்ட ரோட் பைக் இத்தகைய ஊர்களில் அபூர்வம். பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நிற்பவை அரசு தந்த விலையில்லா மிதிவண்டிகள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06 முதல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த திட்டம் அது. விலையில் மடுவும் மலையுமாக இருந்தாலும் இந்த இரண்டு வண்டிகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. செயினில் ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு உள்ள தூரம் இரண்டிலும் 12.7 மி.மீ., அதாவது சரியாக அரை அங்குலம். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்ற உருளைச் செயினின் வாரிசுகள்தாம் இரண்டும். அகலத்தில் மட்டும் வேறுபாடு. சாதாரண சைக்கிள் செயினின் உட்புறம் ஏறக்குறைய 3 மி.மீ. அகலம், பின்னால் ஒன்பது, பத்து பல்சக்கரங்களை அடுக்க வேண்டிய ரோட் பைக்கில் அது 2 மி.மீ. சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. தாங்கும் பரப்பு குறைந்தால் தேய்வு கூடும். ரோட் பைக் கூடுதல் கவனிப்பு கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செயினைப் புரிந்துகொள்ளக் கதவுக் கீலைப் பார்த்தால் போதும். கீலின் இரு தகடுகளையும் ஓர் ஊசி இணைக்கிறது, தகடு அந்த ஊசியைச் சுற்றித் திரும்புகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கீல்களை வரிசையாகக் கோத்தால் அதுதான் செயின். ஒவ்வொரு கீலிலும் வெளியே இரண்டு தகடு, உள்ளே இரண்டு தகடு. உள்தகடுகளை ‘புஷ்’ என்ற சிறு குழாய் சேர்த்துப் பிடிக்கிறது. அந்தக் குழாய்க்குள் ஊசி நுழைந்து இருபக்கமும் வெளித்தகட்டில் அறைந்து நிற்கிறது. புஷ்ஷின் மேல் மோதிரம்போல ஓர் உருளை சுழல்கிறது. பல்சக்கரத்தின் பல்லில் படுவது இந்த உருளை. இன்றைய கியர் செயின்களில் தனியாக புஷ் கிடையாது. உள்தகட்டின் துளை ஓரமே கழுத்துப்பட்டிபோல உள்ளே மடிந்து அந்த வேலையைச் செய்கிறது.

செயின் பல்சக்கரத்தின் மேல் ஏறும்போது ஒவ்வொரு கீலும் மடிகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. முன்னால் 50 பல் உள்ள சக்கரத்தை நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 4,000 கண்ணிகளை இழுக்கிறார். செயினில் 114 கண்ணி என்றால், ஒவ்வொரு கண்ணியும் நிமிடத்துக்கு 35 முறை முழுச்சுற்று வருகிறது. முன்சக்கரம், பின்சக்கரம், கியர் மாற்றும் கையில் உள்ள இரண்டு குட்டிச் சக்கரங்கள் என்று நான்கு இடங்களில் ஏறி இறங்குவதால், சுற்றுக்கு எட்டு அசைவு. ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரே ஒரு கீல் ஏறக்குறைய 17,000 முறை அசைந்திருக்கும். வீட்டுக் கதவு இத்தனை முறை திறந்து மூட வருடக்கணக்கில் ஆகும்.

அசையும்போது ஊசியும் புஷ்ஷும் ஒன்றையொன்று உரசுகின்றன. உரசல் எப்போதும் இழுவை விழும் பக்கத்தில் நடப்பதால் ஊசியின் அந்தப் பக்கத்தில் மட்டும் பள்ளம் விழுகிறது. வீட்டு ஊஞ்சலில் இதே கதையைப் பார்க்கலாம். வருடக்கணக்கில் ஆடிய ஊஞ்சலின் பலகை சற்றுத் தாழ்ந்திருக்கும். சங்கிலியின் கம்பி எதுவும் நீண்டிருக்காது. கொக்கியும் வளையமும் தொடும் இடத்தில் குழி விழுந்து, ஒவ்வொரு வளையமும் அந்தக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். சைக்கிள் செயினிலும் எஃகு நீள்வதில்லை, மூட்டுகள் தேய்கின்றன. தேய்ந்த செயினை இழுத்துப் பிடித்து அளந்தால் இது தெரிந்துவிடும். ஒரே உள்கண்ணியின் இரண்டு புஷ்களுக்கு இடைத்தூரம் புதிதில் இருந்த அதே 12.7 மி.மீ.; அங்கிருந்து அடுத்த உள்கண்ணிக்கு உள்ள தூரம் மட்டுமே கூடியிருக்கும். தகடே நீண்டிருந்தால் இரண்டும் கூடியிருக்க வேண்டும்.

தேய்ந்த அளவை அறியத் தனிக் கருவி விற்கிறது. பள்ளிப் பிள்ளையின் அடி ஸ்கேலும் போதும். செயினை இறுக்கமாகப் பிடித்து, ஓர் ஊசியின் நடுவில் ஸ்கேலின் பூஜ்ஜியத்தை வைத்தால், புதுச் செயினில் அதை அடுத்து வரும் இருபத்து நான்காவது ஊசியின் நடு 12 அங்குலக் கோட்டின் மேல் சரியாக உட்காரும். அது கோட்டைத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் போயிருந்தால் தேய்வு அரை சதவீதம். ரோட் பைக் செயினை மாற்ற அதுதான் நேரம். 3 மி.மீ. போயிருந்தால் ஒரு சதவீதம், கியர் இல்லாத தடித்த செயினுக்கே அது எல்லை. அரை சதவீதம் என்பதை 24 மூட்டுக்கும் பங்கிட்டால் மூட்டுக்கு 0.06 மி.மீ.யை ஒட்டி வருகிறது, ஒரு தலைமுடியின் தடிமன். இவ்வளவு சொற்பத் தேய்வை ஏன் பொருட்படுத்த வேண்டும்? பல்சக்கரத்தின் பற்கள் இன்னும் அரை அங்குல இடைவெளியில்தான் இருக்கின்றன. நீண்ட செயின் அவற்றோடு ஒத்துப்போகாமல் பல்லின் முகட்டை நோக்கி ஏறுகிறது. பல பற்கள் பகிர வேண்டிய பாரம் ஓரிரு பற்கள் தலையில் விழுகிறது. பற்கள் ஒருபக்கம் சாய்ந்து கொக்கிபோல ஆன பிறகு புதுச் செயின் போட்டாலும் நழுவும். அப்போது செயினோடு பல்சக்கர அடுக்கையும் சேர்த்து வாங்க வேண்டிவரும். அடி ஸ்கேலுக்கு வேலை கொடுக்காததன் விலை அது.

தேய்ப்பது யார்? உரசும் இரண்டு பரப்புமே கடினப்படுத்திய எஃகு. இரண்டும் சுத்தமாக இருந்து நடுவில் எண்ணெயும் இருந்தால் தேய்வு மிக மெதுவாகத்தான் நடக்கும். வேகப்படுத்துவது மூன்றாவது ஆள். தருமபுரி மாவட்டத்தின் அடியில் கிடப்பது நைஸ், சார்னோகைட் போன்ற பழம்பாறைகள். வெயிலிலும் மழையிலும் அவை சிதையும்போது பாறையில் இருந்த ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிறது. இரும்பு துருவேறி மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருகிறது. குவார்ட்ஸ் மட்டும் மசியாமல் மணலாகத் தங்கிவிடுகிறது. வயல் வரப்பில் கிடக்கும் வெள்ளை வெங்கச்சாங்கல் இந்த குவார்ட்ஸ்தான். கனிமங்களின் கடினத்தைப் பத்து படிகளாகப் பிரிக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. பேனாக்கத்திக்கு ஐந்தரை. நல்ல அரத்துக்கே ஆறரைதான். வெங்கச்சாங்கல்லால் கண்ணாடிப் புட்டியைக் கீறிப் பார்த்தால் அதன் வலு புரியும். டயர் கிளப்பிவிடும் புழுதியில் இந்தக் கல்லின் பொடி கண்ணுக்குத் தெரியாத அளவில் கலந்திருக்கிறது.

பொடி உலர்ந்து இருக்கும்வரை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். எண்ணெய் பட்டால்தான் ஒட்டுகிறது. ஒட்டியது எண்ணெயோடு சேர்ந்து இடுக்குக்குள் ஊர்கிறது. மோட்டார் மெக்கானிக்குகள் என்ஜின் வால்வையும் அதன் இருக்கையையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி தேய்க்க ஒரு பசை வைத்திருப்பார்கள். கிரீஸில் கார்போரண்டம் பொடி கலந்த பசை அது. இரும்பை இரும்பால் தேய்த்தால் நாள் கணக்கில் ஆகும் வேலை, அந்தப் பசை நடுவில் இருந்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அழுக்குச் செயினின் மேலேயே மறுபடி மறுபடி எண்ணெய் விடுகிறவர் தெரியாமல் அதே பசையைத்தான் தயாரிக்கிறார். ஆட்டுக்கல்லில் மாவு அரைபடுவதுபோல ஊசியும் புஷ்ஷும் அதில் அரைபடுகின்றன. ஆட்டுக்கல்லில் அரைபடுவது அரிசி. இங்கே கல்லும் அரைபடுகிறது, குழவியும் அரைபடுகிறது.

கருப்பு நிறத்தின் ரகசியமும் இதுதான். அது பெரும்பகுதி செயினே உதிர்த்த எஃகுத் துகள். அப்படித்தான் என்று எப்படிச் சொல்வது? அழுக்குச் செயினைக் கொஞ்சம் மண்ணெண்ணெயில் அலசி, கிண்ணத்தை ஓர் இரவு அசைக்காமல் வைத்தால் அடியில் வண்டல் படியும். பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தை அதில் விட்டுத் துழாவினால் கருப்புத் தூள் மீசைபோல ஒட்டிக்கொண்டு வரும். இதோடு நின்றால் தீர்ப்பு அவசரப்பட்டதாகிவிடும். சேலம் கஞ்சமலையிலும் அரூர்ப் பக்கத்துத் தீர்த்தமலையிலும் மேக்னடைட் என்ற காந்த இரும்புத்தாது கிடைக்கிறது. இந்த வட்டார மண்ணிலேயே காந்தத்தில் ஒட்டும் கருமணல் உண்டு. ஆகவே சாலையோரப் புழுதியில் ஒரு கைப்பிடி எடுத்து, அதையும் மண்ணெண்ணெயில் கலக்கி, அதே காந்தத்தால் துழாவிப் பார்க்க வேண்டும். மண்ணிலிருந்து வருவது எவ்வளவு, செயின் வண்டலிலிருந்து வருவது எவ்வளவு என்று ஒப்பிட்ட பிறகே பேசலாம். அறிவியலில் இதற்குக் கட்டுப்பாட்டுச் சோதனை என்று பெயர். மண்ணில் ஒட்டுவது சிவப்பு மண்ணுக்கு நடுவே சிதறிய குருணை. செயின் வண்டலில் ஒட்டுவது விரலில் நெருடாத, மையைப்போன்ற நைஸான தூள். இரண்டும் வேறு வேறு என்பது கைக்கே தெரியும்.

இன்னொரு சாட்சியம் பழைய சைக்கிள்களிலிருந்து வருகிறது. செயினை முழுதாக மூடும் தகரக் கவர் ஒரு காலத்தில் உயர்ந்த ரக சைக்கிளின் அடையாளமாக இருந்தது. இங்கிலாந்தின் சன்பீம் நிறுவனம் அந்தக் கவருக்குள் எண்ணெயையும் தேக்கிவைத்து விற்றது. உள்ளே ஓடிய செயினின் உழைப்பை அதன் பிரியர்கள் இன்றும் வாய் ஓயாமல் சொல்வார்கள். அதே எஃகு, அதே மிதி. புழுதி மட்டும் உள்ளே வரவில்லை. ரோட் பைக்கில் எடை குறைப்பதற்காகவும் கியர் மாறுவதற்காகவும் கவரைக் கழற்றிவிட்டார்கள். கவர் செய்த வேலை வண்டிக்காரரின் கைக்கு வந்துவிட்டது.

புழுதியைக் கூட்டிவருவது எண்ணெய் என்றால், எண்ணெய் எதற்கு? மசகு எப்படி வேலை செய்கிறது என்பது தற்செயலாகத் தெரிந்த சங்கதி. 1883 வாக்கில் இங்கிலாந்துப் பொறியாளர் போஷாம் டவர் ரயில் அச்சுகளின் தாங்கிகளில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் துளை வழியே மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கையைத் தள்ளிவிட்டது. மரமுளை அறைந்தார், அதையும் தள்ளியது. அளவி வைத்துப் பார்த்தால் உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல். சுழலும் அச்சு எண்ணெயை ஆப்பு வடிவ இடைவெளிக்குள் இழுத்துச் செல்ல, அந்த எண்ணெய்ப் படலம் அச்சையே தூக்கிப் பிடித்திருந்தது. இரும்பு இரும்பைத் தொடவே இல்லை. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார்.

செயின் மூட்டில் இந்த ஆப்புக்கு வழியில்லை. ஊசி முழுச்சுற்று சுற்றுவதில்லை. 50 பல் சக்கரத்தில் மூட்டு 7 பாகை மடிகிறது, 17 பல் சக்கரத்தில் 21 பாகை. உடனே திரும்பி வந்துவிடுகிறது. படலம் உருவாகும் முன்பே ஓட்டம் நின்று திசை மாறிவிடும். எனவே பாரம் விழும் இடத்தில் எஃகில் ஒட்டிக்கொண்ட சில மூலக்கூறு தடிமனுள்ள எண்ணெய்த் தோல்தான் காப்பு. இதை எல்லை மசகு எனலாம். அந்தத் தோலுக்கு வேண்டியது ஒரு சொட்டு. அதற்கு மேல் விடும் எண்ணெய் எல்லாம் வெளியே நின்று புழுதிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் 1999இல் அறிவித்த சோதனை இங்கே பொருந்தும். ஆய்வகத்தில் சைக்கிள் செயினை ஓட்டி, எவ்வளவு சக்தி வீணாகிறது என்று அளந்தார்கள். வீணாவது வெப்பமாகத்தானே வரும் என்று அகச்சிவப்புக் கேமராவாலும் பார்த்தார்கள். நல்ல நிலையில் செயின் 98.6 சதவீத சக்தியைக் கடத்தியது. எண்ணெய் வகையை மாற்றியும், எண்ணெயை நீக்கியும் பார்த்தபோது செயல்திறனில் பெரிய மாறுதல் தெரியவில்லை. எண்ணெயே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆய்வகத்தில் புழுதியும் இல்லை, ஆடி மாதக் காற்றும் இல்லை, மழையும் இல்லை. மிதிப்பதை இலகுவாக்குவதைவிட, துருவையும் தேய்வையும் தடுப்பதுதான் எண்ணெயின் முக்கிய வேலை என்றே அந்த முடிவைப் படிக்க வேண்டும்.

எந்த எண்ணெய் என்பது அடுத்த கேள்வி. இயந்திர எண்ணெய் வருவதற்கு முன்பே இந்த மண்ணுக்கு மசகு தெரியும். மாட்டுவண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து ‘வண்டி மை’ போடுவார்கள். மூங்கில் குழாயில் அடைத்து வண்டியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். மசகு என்ற சொல்லே அந்த மையைக் குறித்ததுதான். தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலேறத் தடை விதிக்கப்பட்ட விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நடந்தும் கட்டைவண்டியிலுமாக ஊர் ஊராகப் போனவர். 1925 ஜூலை 23 அன்று அவர் உயிர் பிரிந்தது பாப்பாரப்பட்டியில். அவர் ஏறிய வண்டிகளின் அச்சிலும் இந்த மைதான் இருந்திருக்கும். விளக்கெண்ணெய் சும்மா கிடைத்ததால் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டதல்ல. அது கெட்டி, உலோகத்தை விட்டு எளிதில் ஒழுகாது. முதல் உலகப்போர் விமானங்கள் பலவற்றின் என்ஜினுக்குக்கூட விளக்கெண்ணெய்தான் மசகு. காஸ்ட்ரால் என்ற பெயரில் ஒளிந்திருப்பதும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயர்.

மற்ற சமையலறை எண்ணெய்களுக்கு இந்தப் பெருமை இல்லை. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸை ஒட்டி உறைந்துவிடும். மார்கழி விடியலில் செயின் மூட்டுக்குள் அது நெய்யாக நிற்கும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வேறு விதத்தில் ஏமாற்றுபவை. அவற்றின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடங்களைப் பிடித்து மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. அடுப்பங்கரை எண்ணெய்த் தூக்கின் வெளிப்புறத்தில் ஏறியிருக்கும் பிசுக்கு அப்படிப் பிறந்ததுதான். செயினில் அதே பிசுக்கு புழுதியைப் பிடித்துக்கொள்ளும் கோந்தாகிவிடும். கடையில் கிடைக்கும் பழைய என்ஜின் எண்ணெயில் என்ஜின் உதிர்த்த துகளும் கரியும் ஏற்கெனவே கலந்திருக்கும். பசையைத் தயாராகவே வாங்கி ஊற்றியது போலாகும். டபிள்யூ.டி.-40 1953இல் உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. அதில் பெரும்பகுதி ஆவியாகிப்போகும் கரைப்பான். அழுக்கை இளக்கவும் நனைந்த செயினை உலர்த்தவும் அது உதவும். அதையே மசகாக நம்பினால் இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, சீக்கிரம் வற்றும். அடிக்கடி விடப் பொறுமை இருந்தால் மோசமில்லை. சைக்கிள் செயினுக்கென்று விற்கும் எண்ணெய் மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என இரு வகை. வெயில்கால வகையில் மசகைக் கரைப்பானில் கலந்திருப்பார்கள். நீர்த்திருக்கும்போது இடுக்குக்குள் புகுந்துவிடும். கரைப்பான் ஆவியானதும் உள்ளே மசகு தங்கும், வெளியே ஏறக்குறைய உலர்ந்துவிடும். தை முதல் வைகாசி வரை பாப்பாரப்பட்டிப் புழுதிக்கு அதுவே தோது.

கழுவும் முறையை இந்தப் பின்னணியில் பார்த்தால் ஒவ்வொரு படிக்கும் காரணம் தெரியும். முதலில் செயின். மண்ணெண்ணெயோ, அது ரேஷனில் அரிதாகிவிட்ட நிலையில் டீசலோ, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தால் கருப்புப் பசை இளகும். எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் அதன் மேல் உருண்டு ஓடிவிடும். அடுப்பிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் செய்ய வேண்டிய வேலை இது. பெட்ரோல் பக்கமே போகக் கூடாது. மேலே தேய்ப்பது போதாது. பசை இருப்பது மூட்டுக்குள். செயினைக் கழற்ற முடிந்தால் ஒரு புட்டியில் போட்டுக் குலுக்குவது நல்லது. முடியாவிட்டால் பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே தேய்க்கலாம். மடியும்போது மூட்டு அழுக்கைக் கக்கும்.

அடுத்து பாத்திரம் விளக்கும் திரவம் கலந்த தண்ணீர். அதன் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். மிச்சமிருக்கும் மண்ணெண்ணெயை அதுதான் வெளியேற்றுகிறது. குளியல் சோப்போ பழைய துணிச்சோப்போ இங்கே சரிவராது. தருமபுரி மாவட்ட ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த கடின நீர். சோப்பு அவற்றோடு சேர்ந்து நுரைக்காமல் திரித்திரியாகத் திரண்டு ஒட்டிக்கொள்ளும். இதே நிலத்தடி நீரின் ஃபுளோரைடுதான் தலைமுறைகளின் பற்களைப் பழுப்பாக்கியது. அதற்கு மாற்றாக ஜப்பானிய நிதியுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஃபுளோரைடு கெடுப்பது மனிதப் பல்லை. சக்கரத்தின் பல்லில் துருவை விரைவுபடுத்துவது அதே தண்ணீரில் உள்ள குளோரைடு உப்புகள். எனவே கடைசி அலசலுக்கு அந்தத் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர் ஒரு செம்போ பிடித்துவைத்த மழைநீரோ கிடைத்தால் வெள்ளைத் திட்டும் விழாது.

பிறகு உலர்த்த வேண்டும். எண்ணெய் முழுதாகக் கழன்ற எஃகு ஈரத்தோடு நின்றால் இரண்டொரு மணி நேரத்திலேயே பொன்னிறத் துரு எட்டிப்பார்க்கும். துணியால் துடைத்து வெயிலில் அரைமணி வைத்தால் போதும். உலர்ந்த பின் ஒவ்வொரு உருளையின் மேலும் ஒரே ஒரு சொட்டு, செயினின் உட்புறத்திலிருந்து. எண்ணெய் விளக்குத் திரியில் ஏறுவதுபோல நுண்புழைக் கவர்ச்சியால் இடுக்குக்குள் தானே நுழையும். கெட்டியான எண்ணெய்க்கு அதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே இரவில் விட்டுக் காலையில் ஓட்டுவது நல்லது. காலையில் செய்ய வேண்டியதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். உலர்ந்த துணியால் செயினின் வெளிப்புறத்தை எண்ணெய் போகத் துடைத்துவிட வேண்டும். உள்ளே ஈரம், வெளியே காய்ந்தது. எண்ணெய் விட்ட மாதிரியே தெரியாத செயின்தான் சரியாக எண்ணெய் விட்ட செயின்.

கிண்ணத்து மண்ணெண்ணெயைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ கொட்டத் தேவையில்லை. ஓர் இரவில் துகள் அடியில் படிந்துவிடும். தெளிந்ததை இறுத்து வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

எண்ணெயே வேண்டாம் என்று மெழுகுக்கு மாறியவர்களும் உண்டு. முற்றிலும் சுத்தமாக்கி உலர்த்திய செயினை உருகிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுத்தால் மெழுகு மூட்டுக்குள் புகுந்து உறைந்துவிடும். திடப்பொருளில் புழுதி ஒட்டாது. விரலிலும் கறை படாது. மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்தே உருக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும் என்பதும், ஒரு நல்ல மழையில் நனைந்தால் துரு காத்திருக்கும் என்பதும் இதன் குறைகள். வறண்ட ஊருக்கு ஏற்றது.

செயினுக்கு அமுதமான எண்ணெய் பிரேக்குக்கு நஞ்சு. செயின் துடைத்த துணி ரிம் பக்கம் போகவே கூடாது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் மலைச்சாலையை நினைத்தால் காரணம் புரியும். வண்டியும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 100 மீட்டர் உயரம் இறங்குவதில் வெளிப்படும் ஆற்றல் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை விரல் நீளமுள்ள ரப்பர்க் கட்டைகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். ரிம்மை சோப்புத் தண்ணீரால் கழுவிச் சுத்தத் துணியால் துடைப்பதோடு, ரப்பர்க் கட்டையின் முகத்தையும் பார்க்க வேண்டும். மின்னும் புள்ளிகள் தெரிந்தால் அவை ரிம்மிலிருந்து பிய்ந்த அலுமினியத் துணுக்கு அல்லது குவார்ட்ஸ் குருணை. ஊசி முனையால் நெம்பி எடுக்காவிட்டால் ஒவ்வொரு பிரேக்கிலும் அவை ரிம்மை உழும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் தட்டின் அருகே எண்ணெய்த் தெளிப்பானை நீட்டுவதுகூட ஆபத்து. கட்டை ஒருமுறை எண்ணெய் குடித்துவிட்டால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. ரோட் பைக்கின் 25 மி.மீ. டயரில் 90, 100 பி.எஸ்.ஐ. காற்று நிற்கிறது. ரப்பரின் வழியே காற்று எப்போதும் மெல்லக் கசியும். டியூப் சின்னது, அழுத்தம் பெரிது என்பதால் இந்தக் கசிவு ஒரு வாரத்திலேயே கைக்குத் தெரிந்துவிடும்; பஞ்சர் என்று பதற வேண்டாம். சாதாரண சைக்கிளின் வால்டியூபுக்குப் பழகிய பம்ப் ரோட் பைக்கின் ஒல்லி வால்வில் உட்காராது, அதற்கான பித்தளைத் திருகு தனியாக விற்கிறது. கழுவும்போது டயரின் மேல்பரப்பை விரலால் தடவிப் பார்த்து, முனை ஒடிந்து புதைந்திருக்கும் சீமைக்கருவேல முள்ளை எடுத்துவிட்டால் அடுத்த வாரத்துப் பஞ்சர் இந்த வாரமே ஒழியும்.

கடைசியாக, தொடக் கூடாத இடங்கள். சக்கரத்தின் நடுக்குடம், பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து ஆகிய மூன்றிலும் பால்ரஸ் குண்டுகள் கிரீஸில் உருள்கின்றன. கிரீஸ் என்பது ஒருவகை சோப்பு இழைகளின் பஞ்சுக்குள் எண்ணெயைத் தேக்கி வைத்தது. தேனடையில் தேன் நிற்பதுபோல ஒழுகாமல் நின்று, வேண்டும்போது கசியும். பைக் வாட்டர் வாஷ் கடையின் அழுத்த நீரை இந்த இடங்களில் பீய்ச்சினால், மழையைத் தடுக்கும் ரப்பர் வளையத்தைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும். போன தண்ணீர் வெளியே வர வழி இல்லை. ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் போதும். உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அறியச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றிவிட்டு, இன்னொரு கையை ஃபிரேமின் மேல் வைக்கலாம். நல்ல குண்டுகள் கைக்கு ஒன்றும் சொல்லாது. மணல் புகுந்திருந்தால் திரிகையில் கேழ்வரகு அரைபடுவது போன்ற ஓர் அதிர்வு உள்ளங்கைக்கு ஏறும். அப்போது அது கடைக்காரரின் வேலை. குடத்தைப் பிரித்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் வைத்து மூடுவதை அவர் ஓவராயில் என்பார்.